மிஸ் வீட்டுக்காரர் படித்த பெயர்ச்சொற்கள்

தெருவில் அவருக்கு மிஸ் வீட்டுக்காரர் என்றுதான் பேர். மிஸ் என்றால் அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். தெருவில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளை அவளிடம் படிக்க விட்டிருந்தார்கள். மீதிப் பேர் தாங்களே அவளிடம் படித்தவர்கள். மருந்துக் கடைக்காரர், தையல்காரர், மாடி வீட்டு நர்ஸ் என்று எல்லோரும் மிஸ், மிஸ் என்று கூப்பிட, கல்யாணமான புதிதில் கிண்டலுக்காக அவரும் ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டார். அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"மிஸ், என் கண்ணாடிய எங்க வெச்சேன்?"

"நெத்தி மேல இருக்கு. இறக்கி மூக்குல போடுங்க."

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்கள், ஆஸ்பத்திரி, ஒன்றிரண்டு ஹோட்டல்கள் என்று நகரத்தின் இந்தப் பக்கம் எந்த லிஃப்ட் முரண்டு பிடித்தாலும் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. கழுவக் கழுவப் போகாத எண்ணெய்க் கறை நகக்கண்ணில் எப்போதும் இருக்கும். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதிலும் ஆங்கிலத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வேலையில் நாளெல்லாம் புழங்குகிற பிரேக், ரோப், மோட்டார், ஸ்விட்ச் எல்லாம் ஆங்கிலம் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை. அவற்றைத் தன்னுடைய பாஷை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் என்றைக்காவது அவர், "பர்னிச்சர்ஸ் எல்லாம் தொடச்சாச்சு" என்று சொல்லிவிட்டால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்.

"பர்னிச்சர். எஸ் கெடையாது."

"நாற்காலி இருக்கு, மேஜை இருக்கு, கட்டில் இருக்கு. இத்தனை இருக்கே மிஸ்."

"இருக்கட்டும். நாற்காலிய எண்ணலாம். பர்னிச்சர எண்ண முடியாது."

"எண்ண முடியாததையா நான் ஒண்ணு ஒண்ணா மாடிப்படியில தூக்கிட்டு வந்தேன்?"

இந்தச் சண்டை அவர்கள் வீட்டில் பல வருஷமாக நடந்துவந்தது. மகள் பிறந்து, வளர்ந்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி வேறு நகரத்துக்குப் போன பிறகும் முடிந்தபாடில்லை. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. விட்டுக்கொடுத்தால் அப்புறம் எதைப் பேசுவது என்ற கவலையும் இருந்திருக்கலாம்.

ஒருநாள் காலை, அவர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று ரோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை முழுக்க எண்ணெய். விட்டுவிட்டார். மறுபடி அடித்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை.

"சார், மிஸ் போர்டுல எழுதிட்டு இருந்தாங்க. கையிலேர்ந்து சாக்பீஸ் விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கப் போனவங்க அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. பேச்சு வரல. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

எண்ணெய்க் கையோடு அப்படியே கிளம்பினார். எப்படிக் கீழே இறங்கினார், எப்படி வண்டியை எடுத்தார் என்பது பிற்பாடு யோசித்துப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை. அந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பராமரிப்பவரே அவர்தான். அது கீழே வரும்வரை நிற்கப் பொறுக்காமல் படியேறி ஓடினார்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்குப் பயமில்லை. வலது கையும் காலும் விழுந்திருந்தன. முகம் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. "நடை வந்துரும்" என்றார் டாக்டர். "பேச்சப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க பேசறது அவங்களுக்குப் பெரும்பாலும் புரியும். பதிலுக்குத்தான் வார்த்தை கெடைக்காது." காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசியே சோறு சாப்பிட்டவளுக்கு இப்படியா என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் லீவு போட்டு ஓடிவந்தாள். நாள் கணக்கில் மிஸ் வாய் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் மகள் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் மட்டும் கட்டில் பக்கத்தில் இருந்தார். மிஸ் கண்ணைச் சுருக்கினாள். உதட்டை என்னென்னவோ செய்தாள். பிறகு தெளிவாக ஒரு வார்த்தை வந்தது.

"கர்ட்டன்."

அவர் துள்ளி எழுந்தார். "பேசிட்டியே! மறுபடி சொல்லு!"

"கர்ட்டன்."

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் என்ன கேட்கிறாள் என்பதும் புரியவில்லை. தண்ணீரைக் காட்டினார். இல்லை என்று தலையை ஆட்டினாள். போர்வையை எடுத்தார். ஆட்டினாள். நர்ஸைக் கூப்பிட ஓடப் பார்த்தார். அதற்குள் மகள் டீயோடு வந்துவிட்டாள்.

"அப்பா, திரைச்சீலையச் சொல்றாங்கப்பா! மூஞ்சில வெயில் அடிக்குது பாருங்க."

அவர் திரையை இழுத்துவிட்டார். மிஸ் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டாக வார்த்தைகள் வந்தன. பில்லோ என்றாள், தலையணை. டவல் என்றாள். விண்டோ என்றாள். எல்லாம் ஆங்கிலம். எல்லாம் ஒற்றை ஒற்றை வார்த்தை. வா, போ, வேணும், வேண்டாம் எதுவும் இல்லை. பெற்ற மகளைப் பார்த்து, "டாட்டர்" என்றாள். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த சின்ன வயசு டாக்டரம்மா விளக்கினாள். "ரெண்டு பாஷை பேசறவங்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும் சார். ஒண்ணு முன்னாடி வரும், இன்னொண்ணு பின்னாடி வரும். எது முன்னாடி வரும்னு நம்ம கையில இல்ல. இவங்களுக்கு இங்கிலீஷ் முந்திக்கிச்சு. அதுலயும் பொருளோட பேரு மட்டும்தான் கெடைக்குது. நவுன் இருக்கு, வெர்ப் இல்ல. தமிழ் வரலாம். பொறுமையா இருங்க."

அவர் பொறுமையாகத்தான் தலையாட்டினார். ஆனால் மனசுக்குள் ஒரு முள் குத்தியது. இத்தனை வருஷம் என்னோடு சண்டை போட்ட பாஷை போய்விட்டது. ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய பாஷை இருக்கிறது. இப்படி நினைத்ததற்காக உடனே தன்னையே திட்டிக்கொண்டார். முள் என்னவோ போகவில்லை.

வீட்டுக்கு வந்தார்கள். மகளுக்கு லீவு முடிந்தது. "அப்பா, அம்மாவ என்கூட அனுப்பிருங்க" என்றாள். "நீ வேலைக்குப் போய்ட்டா அங்க யார் பாக்கறது? நான் பாத்துக்கறேன்" என்றார். கம்பெனியில் கேட்டு வேலையைப் பகலில் அரை நாளாகக் குறைத்துக்கொண்டார். அவர் இல்லாத நேரத்தில் மாடி வீட்டு நர்ஸ் வந்து பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ராத்திரி டியூட்டிதான்.

ஃபேன், லைட், சோப்பு, ஸ்பூன் என்று மிஸ் கேட்கும்வரை பிரச்சினை இல்லை. தனக்கு இத்தனை ஆங்கிலம் தெரியுமா என்று அவருக்கே ஆச்சரியம். ஒரு சாயங்காலம் அவள் இடது கையால் தலையைத் தொட்டுக்காட்டி, "கோம்" என்றாள். அவருக்குக் கோன் என்று காதில் விழுந்தது. தலை சூடாக இருக்கிறதாக்கும், குளிர்ச்சியாக எதையோ கேட்கிறாள் என்று முடிவுகட்டி, முக்குக் கடைக்கு ஓடிப்போய்க் கோன் ஐஸ்கிரீம் வாங்கிவந்து நீட்டினார்.

மிஸ் ஐஸ்கிரீமைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தலையில் கைவைத்து முடியைக் கோதிக் காட்டினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சீப்பு! ஐஸ்கிரீம் அதற்குள் உருகி மணிக்கட்டில் வழிந்தது. மிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகத் திரும்பியது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஐஸ்கிரீமை அவள் வாயருகே கொண்டுபோனார். ஒரு கடி கடித்தாள். அப்புறம் இன்னொரு கடி. முழுசும் தின்றுவிட்டு, "கோம்" என்றாள்.

தலைவாரிவிட்டுக்கொண்டே அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

ஜெராக்ஸ் கடை மாடியில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு ஒன்று சாயங்காலங்களில் நடந்தது. ஹோட்டல் வரவேற்பில் இருக்கும் பெண்கள், டாக்சி ஓட்டுபவர்கள், துணிக்கடை விற்பனையாளர்கள் அங்கே வருவார்கள். அவர் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த பெஞ்சுக்கும் அவர் உடம்புக்கும் ஒத்துவரவில்லை. டீச்சருக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது.

"சார், நீங்க எதுக்காக இங்கிலீஷ் கத்துக்கறீங்க? வெளிநாடு போறீங்களா?"

"இல்லீங்க மேடம். வீட்டுல பேச."

வகுப்பில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார். விவரம் சொல்லவில்லை.

நல்லவேளையாக முதல் பாடமே பெயர்ச்சொல். நவுன் என்று போர்டில் எழுதி டீச்சர் அடிக்கோடு போட்டாள். "ஆளு, இடம், பொருள், எண்ணம்னு எதுக்கு ஒரு பேரு இருந்தாலும் அது நவுன். அதுல வகை இருக்கு. ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு ஊருக்குன்னு சொந்தமா இருக்கற பேரு ப்ராப்பர் நவுன். தமிழ்ல சிறப்புப்பெயர். அத எங்க எழுதினாலும் மொதல் எழுத்து பெரிய எழுத்து. அந்த இனத்துக்கே பொதுவா இருக்கற பேரு காமன் நவுன், பொதுப்பெயர். டிரைவர், டீச்சர், கதவு, பஸ். இது பெரிய எழுத்துல ஆரம்பிக்காது."

"டிரைவர்னா அவ்வளவு இளப்பமா மேடம்?" என்றார் டாக்சிக்காரர்.

"டீச்சரும் சின்ன எழுத்துதான் சார், கவலப்படாதீங்க."

பலர் சேர்ந்தது ஒன்றாக நின்றால் கூட்டுப்பெயர், கலெக்டிவ் நவுன் என்றாள். கூட்டம், குழு, மந்தை. எதனால் ஒரு பொருளைச் செய்கிறோமோ அது மெட்டீரியல் நவுன். இரும்பு, கண்ணாடி, மரம். அவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"மேடம், ரோப் எதுல வரும்?"

"காமன் நவுன்."

"அந்த ரோப் செஞ்சிருக்கற ஸ்டீல்?"

"அது மெட்டீரியல். சரியாப் புடிச்சிட்டீங்க."

எட்டாம் வகுப்பில் ஒரு தடவைகூடக் கேட்காத பாராட்டு. அவருக்குக் காது சிவந்துவிட்டது. அடுத்து அப்ஸ்ட்ராக்ட் நவுன் வந்தது. "கண்ணால பாக்க முடியாது, கையால தொட முடியாது. மனசால மட்டும் தெரிஞ்சுக்கறது. அன்பு, பயம், அழகு, நேர்மை."

"எடை?" என்றார் அவர். "லிஃப்டுல இத்தனை எடைதான் ஏத்தலாம்னு எழுதி ஒட்டியிருக்குமே. அத தொட முடியுமா, முடியாதா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "எடை இருக்கற ஆளத் தொடலாம். எடையத் தொட முடியாது. அப்ஸ்ட்ராக்ட்தான் சார்."

"அப்ப இத்தனை வருஷமா தொட முடியாத ஒண்ணத்தான் நான் மேலயும் கீழயும் தூக்கிட்டு இருந்தேனா?" என்றார். இந்தத் தடவை வகுப்பு சிரித்தபோது அவர் நிஜமாகவே சிரித்தார்.

எண்ண முடிவது, எண்ண முடியாதது என்ற பிரிவு ஒருநாள் வந்தது. அரிசி, தண்ணீர், முடி, பர்னிச்சர் என்று டீச்சர் எழுதிக்கொண்டே போனாள். "பர்னிச்சர்னு தனியா ஒரு சாமான் கெடையாது. எல்லாத்துக்கும் சேத்து மொத்தமா ஒரு பேரு. அதனால எஸ் சேக்கக் கூடாது." அவர் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் அருகே நின்று சொன்னார்: "மிஸ், பர்னிச்சருக்கு எஸ் கெடையாது. ஒத்துக்கறேன்."

அதுவரை லிஃப்ட் ரிப்பேர் என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். மிஸ்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சரியாக அசைகிற பாதி முகத்தால் சிரித்தாள். இடது கையை நீட்டி அவர் கன்னத்தைத் தட்டினாள். "ஸ்டூடண்ட்" என்றாள்.

லிஃப்ட் நின்றுபோனால் மெக்கானிக் முதலில் கதவைப் பார்ப்பார். கதவு சரியென்றால் கரண்ட். கரண்டும் சரியென்றால் மேலே மெஷின் ரூம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கோளாறு கடைசியில் ஒரு மூலையில் மாட்டிக்கொள்ளும். மிஸ் ஒரு வார்த்தைக்காகத் திணறும்போது அவர் அந்த வழியைத்தான் பிடித்தார்.

"ஆளா?"

இல்லை என்று தலையாட்டுவாள்.

"இடமா? இல்லயா. பொருளா? சரி, பொருள். எண்ணலாமா? எண்ண முடியாதா. குடிக்கறதா? பூசறதா? ஆங், தைலமா!"

முதல் எழுத்தை அவர் எடுத்துக்கொடுத்தால் மீதியைச் சில சமயம் அவளே முடித்துவிடுவாள். கூட்டுப்பெயர் என்றால் விரல்களைக் குவித்துக் காட்டுவாள். தப்பாக உச்சரித்தால் ஆள்காட்டி விரலை உயர்த்துவாள். அவர் திருத்திச் சொல்லும்வரை விரல் இறங்காது. பேச்சுப் பயிற்சி டாக்டரம்மாவிடம் தன் கண்டுபிடிப்பைப் பெருமையாக எடுத்துச் சொன்னார். அவள் சிரித்தாள். "இதுக்கு எங்க படிப்புல ஒரு முழு பாடமே இருக்கு சார். விடாமச் செய்யுங்க." கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டாலும் விடாமல் செய்தார்.

நடை வந்தது. கைத்தடியோடு அறைக்குள் நடந்தாள். பிறகு வாசல்வரை வந்தாள். வலது கை மட்டும் மடியிலேயே கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப முடியாது என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒருநாள் தலைமையாசிரியை வந்து, "மிஸ்ஸுக்கு ஒரு பிரிவு விழா நடத்தணும்னு பிள்ளைங்க ஆசைப்படறாங்க. சும்மா வந்து உக்காந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன நேரத்திலிருந்து மிஸ்ஸுக்கு நிலைகொள்ளவில்லை. கைத்தடியைத் தரையில் தட்டினாள். வாயைத் திறந்தாள்; மூடினாள். அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆளா? இடமா? பொருளா?"

எதுவும் இல்லை. இடது கையைக் காற்றில் விரித்துக் காட்டினாள்.

"தொட முடியாததா?"

ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினாள். அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர்கள் இருவரும் அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை.

"வலியா? பெயின்? இல்ல. பயமா? ஃபியர்? கோவமா? துக்கமா?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை. அவள் கண்ணில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. அவர் குரலைத் தாழ்த்தி, "வெக்கமா? ஷேம்?" என்றார்.

மிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். தலை முன்னால் சாய்ந்தது. களைத்துப்போய்ச் சாய்த்தாளோ, ஆமாம் என்று சாய்த்தாளோ. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ள அவர் தயாராக இருந்தார் என்பதுதான் நிஜம். கோணிய முகமும் விழுந்த கையுமாக அவளை மேடையில் உட்காரவைத்து எல்லோரும் உச்சுக்கொட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தலைமையாசிரியைக்குப் போன் போட்டு, "அவளுக்கு இஷ்டமில்லீங்க, வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

அது மிஸ்ஸுக்கு மாடி வீட்டு நர்ஸ் மூலமாகத் தெரிந்தது. "என்ன மிஸ், விழா வேணாம்னுட்டீங்களாமே? என் தங்கச்சி மக பாட்டெல்லாம் பழகிட்டு இருந்தா." மிஸ் மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. இருந்ததே கொஞ்சம் வார்த்தைகள், அதையும் நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் தானே கைத்தடி ஊன்றிப் போய் எடுத்துக் குடித்தாள். அவர் கேட்கிற எதற்கும் பதில் இல்லை. வீடு அவருக்கு ஆஸ்பத்திரியைவிட மோசமாக இருந்தது.

ஒரு காலையில் அவள் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஸ்பீச்."

"வியாழக்கிழமைதானே ஸ்பீச் டாக்டர் வருவாங்க?"

இல்லை என்று தலையாட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். "ஸ்பீச்." வாசல் பக்கம், பள்ளிக்கூடம் இருக்கும் திசையில் கையை நீட்டினாள். "ஸ்கூல். ஸ்டேஜ். ஸ்பீச்."

அவர் பித்தானை விட்டார். "நீ பேசணுமா? மேடையில ஏறி?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்தது.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தொட முடியாதவை ஆயிரம் இருக்கின்றன. அவர் கேட்டது வலி, பயம், கோபம், துக்கம், வெட்கம். ஒரு நல்லதைக்கூடக் கேட்கவில்லை. ஆசையா என்று கேட்டிருக்கலாம். நோயாளிக்கு இதெல்லாம்தான் இருக்கும் என்று அவராகவே கதவைச் சாத்திவிட்டு, பூட்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

"தப்பு பண்ணிட்டேன் மிஸ்" என்றார். மிஸ் ஆள்காட்டி விரலை உயர்த்தினாள். அவர் விழித்தார். பிறகு யோசித்து, "மிஸ்டேக்" என்றார். விரல் இறங்கியது.

அன்றைக்கே தலைமையாசிரியை முன்னால் போய் நின்றார். அவள் தயங்கினாள். "பிள்ளைங்க முன்னாடி திணறிட்டா அவங்களுக்கே கஷ்டமா இருக்காதா சார்?"

"அப்படி நெனச்சுத்தாங்க நானும் வேணாம்னேன். கஷ்டமா இருந்தா அது அவ பாடு. அவ பாத்துக்குவா. நீங்க ஒரு மைக் மட்டும் வெச்சுருங்க."

டாக்டரம்மாவும் மிஸ்ஸும் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார்கள். அவருக்கு உள்ளே அனுமதி இல்லை.

விழா நாளன்று கூடத்தில் பிள்ளைகள் தரையிலும் ஆசிரியர்கள் ஓரமாக நாற்காலிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் கைத்தடியை அவரிடம் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரூம்" என்றாள். நிறுத்தினாள். "பெஞ்ச். சாக். டஸ்ட்."

கூடம் அமைதியாக இருந்தது. "நாய்ஸ்" என்று அதட்டலாகச் சொன்னாள், வகுப்பில் சத்தம் போட்டால் சொல்வதுபோலவே. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிஸ் அதற்காகவே காத்திருந்தாள்போல. "ஹோம்வொர்க்" என்றாள். "எக்ஸ்கியூஸ்." பிறகு நெற்றியில் கைவைத்து, "ஃபீவர்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டமக்!" வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் வருஷக்கணக்காக அவளிடம் சொல்லிவந்த சாக்குகள். கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஆசிரியர்களும் சிரித்தார்கள்.

அடுத்த வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். உதடு குவிந்தது, பிரிந்தது. ஒன்றும் வரவில்லை. சிரிப்பு அடங்கியது. ஆளா, இடமா என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். மிஸ் தேடினாள், எல்லோர் முன்னாலும், அவசரமில்லாமல். கிடைக்கவில்லை. போகட்டும் என்பதுபோல இடது கையை உதறிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"சில்ட்ரன்" என்றாள். "ஜாய்." உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் உச்சுக்கொட்டவில்லை. கைதட்டல் ஓய நேரமானது.

வீட்டுக்கு வரும் வழியில், "நடுவுல எந்த வார்த்தைல நின்ன?" என்று கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள். எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். அது அவளுக்கே மறந்துபோயிருக்க வேண்டும்.

தமிழ் வர நாள் பிடித்தது. வந்தபோது பின்பக்க வழியாக வந்தது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் மட்டும் கிடைத்தவளுக்குத் தமிழில் வினைச்சொல் முதலில் கிடைத்தது. வா, எடு, போதும், நில்லு. "டவல் எடு" என்பாள். "டாட்டர் வரட்டும்" என்பாள். அவரோ ஜெராக்ஸ் கடை மாடியில் பெயர்ச்சொல்லைத் தாண்டி வினைச்சொல்லுக்குப் போனதும், நேற்று ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி மாறுகிற அந்தச் சங்கதிகளைப் பார்த்து விழி பிதுங்கி, டீச்சரிடம் விடைபெற்று வகுப்பை நிறுத்திக்கொண்டார். "எனக்குத் தேவையானது கெடச்சிருச்சு மேடம்" என்றார். அப்போதுதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் எழுந்து நின்று கைகொடுத்தாள்.

அடுத்த விடுமுறைக்கு இரண்டு பேரும் மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் கிளம்பினார்கள். மிஸ்ஸுக்கு ஜன்னலோர இடம். அவள் விழுந்துவிடக் கூடாதே என்று அவர் தன் பெரிய உடம்பை அணைப்புக்கு வைத்தாற்போல் நெருங்கி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. மிஸ் நெளிந்தாள். அவரை ஒரு முறை முறைத்தாள். பிறகு ஆங்கிலம் ஒரு பொட்டுகூடக் கலக்காமல், நடுவில் எங்கும் நிற்காமல் சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன், மூச்சு முட்டுது!"

முன் சீட்டிலிருந்த அம்மாள் யார் சண்டை போடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அவர் அவசர அவசரமாகத் தள்ளி உட்கார்ந்தார். தள்ளிய வேகத்தில் சீட்டின் விளிம்பிலிருந்து நழுவி, இரண்டு சீட்டு வரிசைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க அவருக்குத் தோன்றவில்லை. அங்கேயே இருந்தபடி, "இன்னும் தள்ளணுமா?" என்று கேட்டார்.